காலபார் அவரை: குருணை மருந்துக்கு வழிகாட்டிய காட்டுக்கொடி

திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாழைக்குக் கார்போபியூரான் குருணை வைத்துவிட்டு வீடு திரும்பிய கணவருக்கு வியர்த்துக் கொட்டியது. எச்சில் ஊறியது, வாந்தி வந்தது, கண் மங்கியது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அங்கே ஒருவர், “இந்தப் பூச்சிமருந்தே ஆப்பிரிக்காவில் விளையும் ஓர் அவரையிலிருந்து வந்ததுதான்” என்று சொன்னாராம். “செடியிலிருந்து வந்த மருந்து ஆளை இப்படிச் சாய்க்குமா?” என்பது வாசகியின் கேள்வி.

சொன்னவர் சொன்னதில் பாதி சரி. கார்போபியூரான் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் தயாராவது. அதில் அவரை ஏதும் கலக்கவில்லை. ஆனால் அது எந்த வழியில் பூச்சியைக் கொல்கிறதோ, அந்த வழியை மனிதர்கள் கற்றது ஓர் ஆப்பிரிக்கக் காட்டுக்கொடியிடம்தான். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது என்பதற்கு அந்தக் கொடியை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். விஷம் ஏறியதை எப்படி அறிவது, எது முறிமருந்து, எதைச் செய்யக் கூடாது என்ற மூன்றுக்கும் விடை அந்தக் கொடியின் கதையிலேயே இருக்கிறது.

ஆற்றங்கரைக் கொடி

அதன் பெயர் காலபார் அவரை. தாவரவியல் பெயர் பிசோஸ்டிக்மா வெனினோசம். நம் அவரை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் சேர்ந்த பயறு குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளில், குறிப்பாக இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையிலும் அதை ஒட்டிய கேமரூனிலும், ஆற்றங்கரை, சதுப்பு ஓரங்களில் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும். அடித்தண்டு கட்டைபோல முற்றிய பல்லாண்டுக் கொடி. 15 மீட்டர் வரை போகும்.

இலை நம் அவரை இலையைப் போலவே மூன்று சிற்றிலைகள் கொண்டது. பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. காய் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. உள்ளே இரண்டு மூன்று விதைகள் மட்டுமே. விதை ஓர் அங்குல நீளம், கருஞ்சாக்லேட் நிறம், சிறுநீரக வடிவம். வளைந்த விளிம்பு முழுவதும் ஒரு பள்ளம் ஓடும். பழுத்து ஆற்றில் விழும் விதைகள் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும்.

நஞ்சு முக்கியமாக இருப்பது விதையில். பிசோஸ்டிக்மின் என்ற காரப்பொருள்தான் அது. விதையின் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். ஆனால் ஆளைக் கொல்ல அதுவே போதும். பார்வைக்கு நன்கு திரண்ட பருப்பு. நாக்குக்குக் கசப்போ காரமோ பெரிதாகத் தெரியாது. எச்சரிக்கை இல்லாத விஷம் என்பதுதான் இதில் ஆபத்து.

எசெரே தீர்ப்பு

ஓல்டு காலபார் பகுதியில் வாழும் எஃபிக் மக்கள் இந்த விதையை எசெரே என்பார்கள். ஊரில் யாராவது காரணம் தெரியாமல் இறந்தால், சூனியம் வைத்தார் என்று சந்தேகிக்கப்பட்டவருக்கு எசெரேயை இடித்து நீரில் கரைத்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். பால் நிறத்தில் இருக்கும் அந்தக் கரைசலைக் குடித்தவர் வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. இரண்டு பேருக்குள் தகராறு என்றால் ஒரே விதையை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி தின்றதும் உண்டு. 1846இல் வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை ஐரோப்பாவில் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு காலபாருக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள் பல சாவுகளை நேரில் பார்த்து எழுதினார்கள். பின்னாளில் இந்த வழக்கம் தடை செய்யப்பட்டது.

குற்றமற்றவர் பயமில்லாமல் ஒரே மடக்கில் குடித்துவிடுவார், வயிறு புரட்டி உடனே வெளியே தள்ளிவிடும். குற்றவாளி பயந்து பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார், விஷம் உடலில் ஏறிவிடும் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அது எல்லா நேரமும் அப்படி நடந்திருக்காது. எத்தனையோ நிரபராதிகள் செத்திருக்கிறார்கள். எசெரேக்குக் குடித்தவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாது. உள்ளே போன அளவும் அது தங்கிய நேரமும்தான் அதற்குக் கணக்கு. “இருபது வருஷமா வெறுங்கையால் போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை” என்று சொல்லும் விவசாயிகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு பேராசிரியர் தின்று பார்த்தார்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். நஞ்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அன்றைக்குப் பெரிய பெயர். மிஷனரிகள் மூலம் கிடைத்த விதைகளைக் கொண்டு 1855இல் தன் மேலேயே சோதனை செய்தார். இரவில் விதையில் எட்டில் ஒரு பங்கைத் தின்றார். கை கால் லேசாக மரத்ததோடு சரி. மறுநாள் காலை அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது கால் விதை, தின்றார். சிறிது நேரத்தில் தலை சுற்றியது. ஆபத்து என்று உணர்ந்ததும் சவரம் செய்ய வைத்திருந்த தண்ணீரையே குடித்து வாந்தியெடுத்தார். நாடித்துடிப்பு தாறுமாறாகியது. எழுந்து உட்காரவும் தெம்பில்லை. ஆனால் புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது. மெல்ல மெல்லப் பிழைத்து எழுந்தார்.

தாவரத்துக்குப் பெயர் சூட்டியவர் அதே ஊர்த் தாவரவியலாளர் ஜான் ஹட்டன் பால்ஃபர். கிறிஸ்டிசனின் மாணவர் தாமஸ் பிரேசர் 1862இல் இந்த அவரையையே தன் எம்.டி. பட்டத்துக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டார். விதைச்சாறு கண்ணில் பட்டால் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்குவதை அவர் கண்டார். அதைக் கேட்டறிந்த கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் 1863இல் விரிவாக எழுதினார். 1864இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் யோப்ஸ்டும் ஹெஸ்ஸேயும் பிசோஸ்டிக்மினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

அதே விஷம் மருந்தாகவும் ஆனது. 1870களில் கண்நீர் அழுத்த நோய்க்கு லுட்விக் லாக்குவர் அதைப் பயன்படுத்தினார். 1934இல் இங்கிலாந்து மருத்துவர் மேரி வாக்கர், தசைகள் சோர்ந்து விழும் மயஸ்தீனியா நோயாளிக்கு இதை ஊசியாகப் போட்டு, சிறிது நேரம் நோயாளி தெம்பு பெறுவதைக் காட்டினார். 1935இல் அமெரிக்காவின் கறுப்பின வேதியியலாளர் பெர்சி ஜூலியன், தன் உதவியாளர் யோசப் பிக்லுடன் சேர்ந்து ஆய்வுக்கூடத்திலேயே பிசோஸ்டிக்மினைச் செய்து முடித்தார்.

நரம்பில் நடப்பது

நரம்பு தசையை இயக்க வேண்டுமானால் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியே விடும். வாய்க்கால் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது போல. பாய்ந்தது போதும் என்றதும் மடையை மூட வேண்டும். மூடும் வேலையைச் செய்வது ஒரு நொதி. பிசோஸ்டிக்மின் அந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. மடை திறந்தபடியே கிடக்கிறது. 1926இல் ஓட்டோ லோவியும் நவ்ராத்திலும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

தண்ணீர் நிற்காமல் பாய்ந்தால் வயல் என்ன ஆகுமோ அதுதான் உடம்புக்கும் ஆகிறது. எச்சில், கண்ணீர், வியர்வை பெருகும். குடல் முறுக்கி வாந்தியும் பேதியும் வரும். கண்மணி சுருங்கிப் பார்வை மங்கும். தசைகள் துடிக்கும், பிறகு சோர்ந்துவிடும். மூச்சுக்குழாயில் சளி நிறையும். மூச்சு விடும் தசைகள் ஓய்ந்தால் உயிர் போகும். காலபாரில் எசெரே குடித்தவருக்கு வந்ததும், திருச்சி மாவட்ட வாழைத் தோட்டத்தில் வந்ததும் ஒரே வகைக் கோளாறு.

கொடியிலிருந்து குருணைக்கு

பூச்சிகளின் நரம்பிலும் இதே நொதி இருக்கிறது. அப்படியானால் பிசோஸ்டிக்மினையே பூச்சிக்கொல்லியாகத் தெளிக்கலாமே என்று தோன்றும். அது பூச்சியின் மேல்தோலையும் நரம்பு உறையையும் ஊடுருவுவதில்லை. எனவே வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறில் வேலை செய்யும் பகுதியான கார்பமேட் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பூச்சியின் தோலில் எளிதாக இறங்கும்படி வேறு சேர்மங்களைச் செய்தார்கள். கலிபோர்னியாவில் ராபர்ட் மெட்காஃப் குழுவினர் 1954இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் செவின் என்ற பெயரில் கார்பரில் சந்தைக்கு வந்தது. கார்போபியூரான், கார்போசல்பான், மெத்தோமில், தயோடிகார்ப் எல்லாம் பின்னால் வந்த உறவுகள்.

கார்பரில் என்ற பெயர் நம் நாட்டுக்கு வேறு ஒரு காரணத்தாலும் மறக்க முடியாதது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் வாயு, கார்பரில் தயாரிப்பதற்காகத் தொட்டியில் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததுதான்.

கார்போபியூரான் வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவும். அதனால்தான் வாழையில் நூற்புழுவுக்கும் கிழங்குக் கூன்வண்டுக்கும் குருணையாக வைக்கிறார்கள். மூலப்பொருளாகப் பார்த்தால் அது மிகக் கொடிய விஷங்களின் வரிசையில் நிற்பது. குருணையில் 100 பங்குக்கு 3 பங்கு மட்டுமே கலந்து விற்பதற்குக் காரணம் இதுதான்.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

குருணையை நீரில் ஊறவைத்துத் தெளிப்பதும், வடிகட்டிக் குருத்தில் ஊற்றுவதும் கூடவே கூடாது. கெட்டியாக மண்ணில் கிடக்க வேண்டிய விஷத்தைத் தோலுக்கும் மூச்சுக்கும் நாமே கொண்டுவருவதாகும் அது.

கையுறை இல்லாமல் குருணையைத் தொடக் கூடாது. மூட்டையின் அடியில் தங்கும் தூள் குருணையை விட ஆபத்தானது. அதைத் தட்டிக் கொட்டும்போது முகத்துக்கு நேரே தூக்கக் கூடாது. மணலோடு கலக்கச் சமையல் பாத்திரம், மாட்டுத் தொட்டி எதையும் எடுக்கக் கூடாது.

வைத்த குருணையை மண் போட்டு மூட வேண்டும். மேலே கிடந்தால் குருவியும் மயிலும் தானியம் என்று பொறுக்கும். சிறு பறவைக்கு ஒரே ஒரு குருணை போதும். கோழி, ஆடு மேயும் தோட்டத்தில் இன்னும் கவனம் தேவை.

வேலை நடுவே பீடி, வெற்றிலை, சோறு கூடாது. முடிந்ததும் முதலில் சோப்புப் போட்டுக் குளியல், பிறகுதான் காபி. போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

டப்பா, பை எதுவானாலும் அதிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப் பாதி நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்பதும் குறைந்த விஷம் என்ற பொருளில்தான்.

நூற்புழுத் தொல்லைக்கு முதல் கை குருணையாக இருக்க வேண்டியதில்லை. நோயில்லாத கன்றைத் தேர்ந்து கிழங்கைச் சீவி நடுவது, வேப்பம் புண்ணாக்கு வைப்பது, வாழைக்கு இடையே துலுக்கச் சாமந்தியோ சணப்பையோ வளர்ப்பது ஆகியவற்றை முதலில் செய்து பார்க்கலாம்.

வாசகர்களின் பிற கேள்விகள்

கேள்வி: ஆஸ்பத்திரியில் மருந்து டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி அலைய விடுகிறார்களே, எதற்கு?

பதில்: கார்பமேட் மருந்தும் பாஸ்பரஸ் வகை மருந்தும் ஒரே நொதியைத்தான் பிடிக்கின்றன, அறிகுறிகளும் ஒரே மாதிரிதான். ஆனால் கார்பமேட் தானாகவே பிடியை விட்டுவிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நொதி மீண்டுவிடும். பாஸ்பரஸ் வகை எளிதில் விடாது. நாள் கணக்கில் படுக்க வைக்க வேண்டியிருக்கும், பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்தும் தேவைப்படலாம். எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாக முடிவெடுக்க முடியும். ஆளோடு கூடவே லேபிளையும் எடுத்துப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: அட்ரோபின் ஊமத்தையிலும் இருக்கிறது என்கிறார்களே, அவசரத்துக்கு ஊமத்தைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: கண்டிப்பாகக் கூடாது. ஊமத்தையில் அந்த வகைக் காரப்பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் எந்தச் செடியில், எந்தக் காயில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு விஷத்தில் இருப்பவருக்கு இன்னொரு விஷம் ஏற்றுவதாகிவிடும். மடை திறந்தே கிடக்கும்போது தண்ணீர் வயலை எட்டாமல் வரப்பில் தடுப்பதுதான் அட்ரோபின் செய்யும் வேலை. அது எவ்வளவு, எத்தனை முறை என்பதை நுரையீரலையும் நாடியையும் பார்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1864இல் பிராக் நகரில் அட்ரோபின் குடித்துவிட்ட கைதி ஒருவருக்குக் காலபார் அவரைச் சாறு கொடுத்துக் காப்பாற்றினார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறிப்பவை. அளவு தெரிந்த கையில் மட்டுமே அவை மருந்து.

கேள்வி: மருந்தடித்துவிட்டு மயங்கியவருக்கு வீட்டில் உடனே என்ன செய்யலாம்?

பதில்: தோட்டத்திலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். துணியைக் கழற்றிவிட்டு, சோப்பும் தண்ணீரும் விட்டு உடம்பையும் தலைமுடியையும் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட வேண்டும். நினைவில்லாதவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. பால், மோர், உப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் புகட்டக் கூடாது. விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது. கிறிஸ்டிசன் முழு நினைவோடு தானே வாந்தியெடுத்தார் என்பதை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. 108ஐ அழைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கேள்வி: நம் ஊர்ப் பூனைக்காலி விதையும் காலபார் அவரையும் ஒன்றா?

பதில்: இல்லை. இரண்டும் பயறு குடும்பத்துக் கொடிகள், அவ்வளவுதான். பூனைக்காலியின் விதையில் இருப்பது எல்-டோபா என்ற வேறு பொருள். அதையும் மருத்துவர் சொல்லாமல் தின்பது நல்லதல்ல. பெயரில் அவரை என்று இருப்பதால் எந்தக் காட்டு விதையையும் வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது.

கேள்வி: நெல்லில் குருணை போட்டும் புகையான் அடங்கவில்லை. மருந்து கலப்படமா?

பதில்: கலப்படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூச்சி விஷத்துக்குப் பழகிவிடும். கொல்லும் விஷமுள்ள காலபார் அவரை விதையையே தின்று வளரும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவைப் பற்றிப் பிரேசர் 1864இலேயே எழுதியிருக்கிறார். ஆசிய நாடுகளில் புகையான் கார்பமேட் மருந்துகளை எதிர்த்து நிற்பது பலமுறை பதிவாகியுள்ளது. அளவைக் கூட்டினால் சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி போன்ற நன்மை செய்யும் பூச்சிகள்தான் முதலில் சாகும். தண்ணீரை வடித்துவிட்டு வயலைக் காயவிடுவது, யூரியாவைக் குறைத்துப் பிரித்துப் போடுவது, அடுத்த நடவில் இரண்டரை மீட்டருக்கு ஓர் அடி பட்டம் விடுவது ஆகியவை பலன் தரும்.

கேள்வி: கடையில் செவின் பொடி கேட்டால் இல்லை என்கிறார்கள். பழைய இருப்பு வீட்டில் கொஞ்சம் இருக்கிறது, பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். கார்பரில் 2018 ஆகஸ்டில் மத்திய அரசால் தடை செய்யப்பட்டுவிட்டது. 2023இல் மெத்தோமிலும் தடையானது. கார்போபியூரானில் 3 சதவீத உறைக் குருணை தவிர மற்ற வடிவங்கள் நிறுத்தப்பட்டன. வீட்டில் மீதி இருந்தால் சாக்கடையிலோ கிணற்று ஓரத்திலோ கொட்டாமல், டப்பாவோடு பூட்டி வைத்துவிட்டு, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவித்து அவர்கள் சொல்லும்படி செய்ய வேண்டும். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், தின்பண்டமும் தானியமும் இல்லாத அறையில் இருக்கட்டும்.

பூச்சிமருந்து பற்றிக் கேள்வி அனுப்புகிறவர்கள் பயிரின் பெயர், வயது, போட்ட அளவு ஆகியவற்றோடு மருந்தின் லேபிளையும் படம் எடுத்து இணைத்தால் பதில் சொல்ல உதவியாக இருக்கும்.